வடலூர் அடுப்பும் வாசல் நட்சத்திரமும்

டிசம்பர் மாதம் பிறந்தால் போதும். வடலூரிலும் நெய்வேலியிலும் கிறிஸ்தவர் வீட்டு வாசல்களில் காகித நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கி விடும். நட்சத்திரத்துக்குள் ஒரு சின்ன விளக்கு எரியும். தெருவில் போகிற குழந்தைகள் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள்.

அந்த நட்சத்திரம் என்ன சொல்கிறது? "ஏசுநாதர் வரப் போகிறார்" என்று சொல்கிறது.

சரி. எங்கே வருவார்? மாதா கோவிலுக்கு வருவாரா? வைக்கோல் பரப்பிய குடிலுக்கு வருவாரா? கேக் வெட்டும் மேஜைக்கு வருவாரா? அல்லது நாம் எதிர்பாராத வேறு எங்காவது வந்து நிற்பாரா?

பண்டிகைக்கு முந்திய நான்கு வாரங்களும் இந்தக் கேள்விக்காகவே வைக்கப்பட்டவை.

நான்கு ஞாயிறுகள்

கிறிஸ்துமசுக்கு முன்னால் வரும் நான்கு ஞாயிறுகளையும் சேர்த்து ஒரு காலமாகக் கொண்டாடுகிறார்கள். கத்தோலிக்கர் அதைத் 'திருவருகைக் காலம்' என்கிறார்கள். 'ஆகமன காலம்' என்றும் 'அட்வெண்ட்' என்றும் சொல்வோர் உண்டு. நவம்பர் 27-ந் தேதிக்கும் டிசம்பர் 3-ந் தேதிக்கும் இடையில் வரும் ஞாயிறு அன்று அது தொடங்கும்.

இது காத்திருக்கும் காலம். "விழித்திருங்கள்" என்பதுதான் இந்த நாட்களின் முதல் பாடம். குருமார் ஊதா நிற உடை அணிவார்கள். பல ஆலயங்களில் பச்சை இலைகளால் ஒரு வளையம் செய்து, அதில் நான்கு மெழுகுவர்த்திகளை வைப்பார்கள். வாரத்துக்கு ஒன்றாக ஏற்றுவார்கள். நான்காவது திரி எரியும்போது பண்டிகை வந்து விட்டது என்று அர்த்தம்.

இந்த வளையம் எங்கே பிறந்தது தெரியுமா? அரண்மனையில் அல்ல, ஏழைப் பிள்ளைகளின் விடுதி ஒன்றில்!

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் யோஹான் ஹின்ரிஹ் விஹெர்ன் என்ற பாதிரியார் இருந்தார். ஆதரவற்ற பிள்ளைகளுக்காக 1833-ம் ஆண்டில் அவர் ஒரு விடுதி தொடங்கினார். "கிறிஸ்துமஸ் எப்போது வரும்? எப்போது வரும்?" என்று பிள்ளைகள் தினமும் துளைத்து எடுத்தார்களாம். அவர் என்ன செய்தார்? 1839-ம் ஆண்டில் ஒரு மரச் சக்கரத்தை எடுத்தார். அதன் மேல் மெழுகுவர்த்திகளை வைத்தார். ஞாயிறுகளுக்குப் பெரிய வர்த்தி. மற்ற நாட்களுக்குச் சின்ன வர்த்தி. நாளுக்கு ஒன்றாக ஏற்றச் சொன்னார். பிள்ளைகள் வெளிச்சத்தை எண்ணிக் காத்திருக்கக் கற்றுக்கொண்டார்கள்.

இன்று உலகம் முழுவதும் ஆலயங்களை அலங்கரிக்கும் வளையம், அனாதைப் பிள்ளைகளின் அவசரத்தைத் தணிக்கப் பிறந்தது!

நட்சத்திரத்துக்கு ஒளி தருபவர் யார்?

மீண்டும் வாசல் நட்சத்திரத்தைப் பார்ப்போம். அதில் விளக்கு எரிகிறதே, அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

வடலூர்க்காரரைக் கேட்டால், "பக்கத்தில் நெய்வேலி இருக்கிறதே!" என்பார்.

1935-ம் ஆண்டு வாக்கில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டினார். தண்ணீரோடு கறுப்பான பொருள் ஒன்று வந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956-ம் ஆண்டு நவம்பரில் நிறுவனம் அமைந்தது. 1957-ம் ஆண்டு மே மாதம் பிரதமர் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ம் ஆண்டில் கரி தட்டுப்பட்டது. 1962-ம் ஆண்டில் மின்சாரம் பிறந்தது. இன்று நெய்வேலி மின்சாரம் தமிழ்நாட்டுக்கு மட்டும் அல்லாமல், அண்டை மாநிலங்களுக்கும் போகிறது.

அந்தச் சுரங்கத்துக்கு இரவும் இல்லை, பகலும் இல்லை. கரிப் படுகைக்கு அடியில் பெரும் நீர் ஊற்று இருக்கிறது. அது கீழே இருந்து மேல் நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த நீரை ஓயாமல் இறைக்க வேண்டும். இறைப்பதை நிறுத்தினால் சுரங்கத்துக்கே ஆபத்து. ஆகவே பம்புகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ராட்சதச் சக்கரங்கள் மண்ணை வெட்டிக்கொண்டே இருக்கின்றன. தொழிலாளர்கள் 'ஷிப்டு' முறையில் மாறி மாறி வந்துகொண்டே இருக்கிறார்கள்.

கிறிஸ்துமஸ் இரவு வருகிறது. நள்ளிரவுப் பூசைக்கு மணி அடிக்கிறது. மனைவியும் மக்களும் புது உடை உடுத்தி ஆலயத்துக்குப் புறப்படுகிறார்கள். அந்த இரவு வேலை விழுந்த தொழிலாளி என்ன செய்வார்? தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு எதிர்த் திசையில் போவார்.

"ஐயோ பாவம்! நல்ல நாளில் கோவிலுக்குப் போகக் கொடுத்து வைக்கவில்லையே!" என்று அக்கம்பக்கத்தார் இரங்கலாம்.

ஆனால் முதல் கிறிஸ்துமஸ் இரவில் நடந்தது என்ன?

இரவு வேலைக்காரர்கள்

பைபிளில் லூக்கா எழுதிய பகுதியில் அந்தச் சம்பவம் இருக்கிறது. பெத்லகேம் ஊருக்கு வெளியே ஆட்டு இடையர்கள் இருந்தார்கள். ஊர் தூங்கியது. அவர்கள் தூங்கவில்லை. ஏன்? பக்தியினால் அல்ல. ஆடுகளைக் காவல் காக்க வேண்டும். அது அவர்கள் வேலை. இன்றைய பேச்சில் சொன்னால், அவர்களுக்கு 'நைட் ஷிப்டு'!

தேவதூதன் அவர்களிடம்தான் வந்தான். உலகம் காத்திருந்த செய்தி முதன்முதலாக அவர்கள் காதில்தான் விழுந்தது.

கோவிலில் இருந்த பெரியவர்களுக்கு அந்தச் செய்தி முதலில் போகவில்லை. அரண்மனையில் இருந்த ஏரோது மன்னனுக்குப் போகவில்லை. வேலை நேரத்தில், வேலை செய்யும் இடத்தில், வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்குப் போயிற்று.

சுரங்கத்தில் பம்பு அருகே கண் விழித்து நிற்பவரும், மருத்துவமனையில் இரவெல்லாம் நடக்கும் நர்ஸும், வடலூர் நாற்சந்தியில் மழையில் நனைந்து நிற்கும் போலீஸ்காரரும் இதை நினைத்துக்கொள்ளலாம். "விழித்திருங்கள்" என்ற பாடத்தை அவர்கள் ஊருக்காக வாழ்ந்து காட்டுகிறார்கள்.

கேக்கில் இருக்கும் முந்திரி

பண்டிகை என்றால் கேக் உண்டு. அச்சு முறுக்கு உண்டு. கேக்கில் முந்திரிப் பருப்பு உண்டு.

அந்த முந்திரி பண்ருட்டி, வடலூர் பக்கத்துச் செம்மண்ணில் விளைந்ததாக இருக்கலாம். மரத்தில் இருக்கும்போது அது வெள்ளைப் பருப்பு அல்ல. கெட்டியான ஓட்டுக்குள் இருக்கும் கொட்டை. அந்த ஓட்டில் ஓர் எண்ணெய் இருக்கிறது. கையில் பட்டால் தோல் வெந்து விடும். பெண்கள் விரல்களில் சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொண்டு உடைக்கிறார்கள். அப்படியும் விரல் கறுத்துப் போகிறது.

கேக்கைக் கடிக்கும்போது அந்த விரல்கள் யார் நினைவுக்கு வருகின்றன?

"தினமும் எங்களுக்கு வேண்டிய உணவைத் தாரும்" என்னும் பொருள்பட கிறிஸ்தவர்கள் ஜெபம் செய்கிறார்கள். உணவு வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ ஒருவர் கை வழியாகத்தான் வருகிறது. அந்தக் கையை மதிப்பதும் அந்தக் கைக்கு உரிய கூலி கொடுப்பதும் ஜெபத்தில் பாதி அல்லவா?

சமையல் அறைத் துறவி

"வேலைக்காரருக்குச் சரி. வீட்டில் இருக்கும் பெண்களுக்கு? டிசம்பரில் அடுப்பை விட்டு நகர நேரம் இல்லையே! ஜெபம் எங்கே? தியானம் எங்கே?" என்று தாய்மார் கேட்கலாம்.

அவர்களுக்கு ஒரு பழைய கூட்டாளி இருக்கிறார். பிரான்ஸ் நாட்டுக்காரர். பெயர் நிக்கோலா எர்மன். இளமையில் போர்வீரர். சண்டையில் காயம் பட்டுக் கால் ஊனம் ஆயிற்று. 1640-ம் ஆண்டில் பாரிஸ் நகரில் கார்மேல் சபை மடத்தில் சேர்ந்தார். லாரன்ஸ் சகோதரர் என்ற பெயர் பெற்றார்.

மடத்தில் அவருக்குக் கிடைத்த வேலை என்ன? சமையல்! அவருக்குச் சமையல் வேலை பிடிக்காது. போதாக்குறைக்குத் திராட்சை மது வாங்கிவரப் படகில் வெளியூர் அனுப்பினார்கள். ஊனக் காலோடு படகில் நடக்க முடியாமல், பீப்பாய்களின் மேல் உருண்டு உருண்டு போனாராம்!

அவர் சலித்துக்கொள்ளவில்லை. எல்லா வேலையையும் கடவுளுக்காகவே செய்தார். ஆலயத்தில் முழந்தாள்படியிட்டு ஜெபிக்கும்போது கடவுள் எவ்வளவு அருகில் இருந்தாரோ, பாத்திரங்கள் மோதும் சமையல் அறையிலும் அவ்வளவு அருகில் இருந்தார் என்று நண்பர்களிடம் சொன்னார். முதுமையில் செருப்புத் தைத்தார். 1691-ம் ஆண்டில் காலமானார். அவருடைய கடிதங்களையும் பேச்சுக்களையும் மற்றவர்கள் தொகுத்து வெளியிட்டார்கள். இன்றும் உலகம் அவற்றைப் படிக்கிறது.

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, முதல் ஷிப்டுக்குப் போகும் கணவருக்குச் சோறு கட்டும் நெய்வேலித் தாய்க்கு, லாரன்ஸ் சகோதரர் அந்நியர் அல்லர்.

தச்சருக்கு ஒரு காவியம்

பிரான்ஸ் வரை போக வேண்டாம். இதே கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலம் பக்கத்தில், கோணான்குப்பம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே பெரியநாயகி மாதா ஆலயம் இருக்கிறது. மாதாவின் உடை தமிழ்ப் பெண்ணின் உடை. அந்த ஆலயத்தை எழுப்பியவர் வீரமாமுனிவர்.

அவர் இத்தாலி நாட்டில் 1680-ம் ஆண்டில் பிறந்தவர். தமிழ்நாட்டுக்கு வந்து தமிழ் கற்றுத் 'தேம்பாவணி' என்ற பெருங்காவியம் பாடினார். 3,615 பாடல்கள்!

காவியம் என்றால் தலைவர் யாராக இருப்பார்? அரசராக இருப்பார். வீரராக இருப்பார். தேம்பாவணியின் தலைவர் யார்? சூசையப்பர். உளியும் வாளும் பிடித்த தச்சர்! ஏசுநாதரை வளர்த்த தந்தை.

ஏசுநாதர் ஊர் ஊராகச் சென்று உபதேசம் செய்தது மூன்று ஆண்டு அளவுதான். அதற்கு முன் சுமார் முப்பது ஆண்டுகள் எங்கே இருந்தார்? நாசரேத்து என்ற சிற்றூரில், தச்சர் வீட்டில், மரத் தூளுக்கு நடுவே இருந்தார். பெருங்கூட்டம் இல்லை. பாராட்டு இல்லை. தண்ணீர் இறைப்பதும் விறகு பொறுக்குவதும் ஆக நாட்கள் போயின. அந்த முப்பது ஆண்டுகளும் வீண் என்று எந்தக் கிறிஸ்தவராவது சொல்வாரா?

இடம் இல்லை!

கிறிஸ்துமஸ் நாடகம் போடும் பிள்ளைகளுக்கு ஒரு காட்சி நன்றாகத் தெரியும். சூசையப்பரும் நிறைமாதக் கர்ப்பிணியான மரியம்மாளும் தங்க இடம் கேட்கிறார்கள். "இடம் இல்லை!" என்கிறார் விடுதிக்காரர். நாடகம் பார்ப்பவர்கள் "ச்சே! என்ன மனிதர்!" என்கிறார்கள்.

இடம் இழந்தவர்கள் இந்தப் பக்கத்துக்குப் புதியவர்கள் அல்லர். நெய்வேலி நகரமும் சுரங்கமும் எழுந்த இடத்தில் முன்பு கிராமங்கள் இருந்தன. அந்த மக்கள் வீட்டையும் வயலையும் விட்டுப் போனார்கள். 2023-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் வளையமாதேவி கிராமத்தில், கால்வாய் வெட்டுவதற்காக, வளர்ந்து நின்ற நெற்பயிரின் மேல் இயந்திரங்கள் ஓடின. தமிழ்நாடே அதைப் பற்றிப் பேசியது.

நட்சத்திரத்தில் எரியும் விளக்குக்குத் தொழிலாளியின் இரவு ஒரு விலை. உழவரின் நிலம் இன்னொரு விலை. விளக்கைப் போடும்போது இருவரையும் மறக்கலாகாது. விடுதிக்காரரைத் திட்டுவது எளிது. நம் வாசலில் யாருக்கு இடம் இல்லை என்று பார்ப்பதுதான் கடினம்.

அணையாத அடுப்பு

வடலூர் என்றதும் தமிழருக்கு யார் நினைவு வரும்? வள்ளலார்!

1823-ம் ஆண்டில் மருதூரில் பிறந்தவர் இராமலிங்க அடிகள். 1867-ம் ஆண்டு மே 23-ந் தேதி வடலூரில் சத்திய தருமச் சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரம் கிராமத்து மக்கள் நிலம் கொடுத்தார்கள். அடுப்பு மூட்டப்பட்டது. பசித்து வந்தவருக்குச் சோறு போடப்பட்டது. சாதி கேட்கவில்லை. மதம் கேட்கவில்லை. ஊர் கேட்கவில்லை. "பசிக்கிறதா?" என்பது மட்டுமே கேள்வி.

அந்த அடுப்பு இன்றும் எரிகிறது. 150 ஆண்டுகளுக்கு மேல் ஆகி விட்டது. அணையா அடுப்பு என்றே அதற்குப் பெயர். அன்பர்கள் அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். சோறு வேகிறது. பந்தி நடக்கிறது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1872-ல், சத்திய ஞான சபை திறக்கப்பட்டது. முதலில் சோற்றுச் சாலை. பிறகுதான் ஜோதி வழிபாடு!

வள்ளலார் கிறிஸ்தவர் அல்லர். அவருடைய மார்க்கம் வேறு. ஆனால் பசி தீர்ப்பதே கடவுளின் அருளுக்கு வழி என்று அவர் சொன்னதைக் கேட்கும்போது, கிறிஸ்தவருக்கு ஏசுநாதர் சொன்ன ஒரு கதை நினைவுக்கு வராமல் போகாது.

யாருக்கும் தெரியவில்லை!

மத்தேயு எழுதிய பகுதியில், 25-ம் அதிகாரத்தில், அந்தக் கதை இருக்கிறது. உலக முடிவில் ஓர் அரசர் எல்லோரையும் இரண்டு பக்கமாகப் பிரிக்கிறார். ஒரு பக்கத்தாரைப் பார்த்து நன்றி சொல்கிறார். "நான் பசித்தேன், சோறு போட்டீர்கள். தாகமாக இருந்தேன், தண்ணீர் தந்தீர்கள். அந்நியனாக வந்தேன், இடம் கொடுத்தீர்கள்" என்கிற கருத்தில் பேசுகிறார். உடை, நோய், சிறை என்று பட்டியல் நீள்கிறது.

அவர்கள் திகைக்கிறார்கள். "நாங்கள் எப்போது உம்மைப் பார்த்தோம்?" என்று கேட்கிறார்கள். எளியவர் ஒருவருக்குச் செய்ததைத் தமக்கே செய்ததாக அரசர் ஏற்றுக்கொள்கிறார்.

மற்றப் பக்கத்தாரும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "எப்போது உம்மைப் பார்த்தோம்?"

கவனியுங்கள். உதவி செய்தவருக்கும் அவரைத் தெரியவில்லை. செய்யாதவருக்கும் தெரியவில்லை. உதவி செய்தவர்கள் "இவர் ஏசுநாதர்" என்று கண்டுபிடித்துச் சோறு போடவில்லை. பசித்தவர் என்பதால் போட்டார்கள். புண்ணியக் கணக்கு எழுதவில்லை. அதனால்தான் அவர்களுக்கு நினைவு கூட இல்லை!

அன்றாட வாழ்வில் ஏசுநாதரைக் காண்பது என்றால் ஒளி தெரிவதோ, மெய் சிலிர்ப்பதோ அல்ல. எதுவும் தெரியாமலேயே போகலாம். தேவை உள்ளவர் கண்ணுக்குத் தெரிந்தால் போதும்.

வெள்ளத்தில் வந்த ஞாயிறு

கடலூர் மாவட்டத்தில் டிசம்பர் பண்டிகை மாதம் மட்டும் அல்ல. புயல் மாதமும் கூட.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி, கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஞாயிறு காலையில் சுனாமி வந்தது. 2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயல் வந்தது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. 2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இரவு 'பெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள் டிசம்பர் 1, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு! முதல் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டிய நாளில் மழை கொட்டியது. அடுத்து தென்பெண்ணை ஆற்றில் வெள்ளம் பெருகியது. கடலூர்ப் பக்கத்தில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

அப்படிப்பட்ட நாளில் ஏசுநாதரை எங்கே தேடுவது? மாடி வீட்டுக்காரர் கீழ் வீட்டுக்காரரை "மேலே வாங்க அம்மா, குழந்தையை இங்கே கொடுங்க" என்று கூப்பிட்டால், அங்கே இடம் கிடைத்து விட்டது. சோற்றுப் பொட்டலம் ஒன்று படகில் ஏறினால், அங்கே அடுப்பு அணையவில்லை.

ஒரு பிடி அரிசி

புயல் தினமும் வருவதில்லை. பசி தினமும் வருகிறது. சாதாரண நாளில் சாதாரணக் குடும்பம் என்ன செய்யலாம்?

தமிழ்க் கிறிஸ்தவர் வீடுகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. சோறு வடிக்க அரிசி அளக்கும்போது, தாய்மார் அதிலிருந்து ஒரு பிடியைத் தனிப் பானையில் போடுவார்கள். பானை நிறைந்ததும் ஆலயத்துக்குக் கொண்டுபோவார்கள். அதற்குப் பிடியரிசிக் காணிக்கை என்று பெயர். பணக்காரர் பிடியும் ஒரு பிடிதான். ஏழையின் பிடியும் ஒரு பிடிதான். ஒரு பிடி குறைந்ததால் எந்த வீட்டிலும் யாரும் பட்டினி கிடந்ததில்லை. சேர்ந்த அரிசியோ பலர் பசியைத் தீர்த்தது.

இந்த நான்கு வாரங்களுக்கு அந்த வழக்கத்தை வீட்டில் திருப்பிக் கொண்டு வரலாம். பானையைக் குழந்தைகள் கையில் கொடுங்கள். தினம் ஒரு பிடி அவர்களே போடட்டும். ஹாம்பர்க் நகரத்துப் பிள்ளைகள் மெழுகுவர்த்தியை எண்ணினார்கள். நம் பிள்ளைகள் பிடியை எண்ணட்டும்.

நான்காம் ஞாயிறு அன்று பானையைக் கவிழ்த்துப் பாருங்கள். பண்டிகை நாளில் அடுப்பு எரியாத வீடு தெருவில் எது என்று விசாரியுங்கள். அந்த வீட்டார் எந்தக் கோவிலுக்குப் போகிறவர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். பேரும் சொல்ல வேண்டாம். அரிசியைக் கொடுத்து விட்டு வாருங்கள்.

அந்த வீட்டில் உலை கொதிக்கும்போது அங்கே யார் வந்து உட்கார்ந்திருப்பார் என்பது உங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.